ஹெல்மெட் போட்டிருந்தவன்தானே, டொக்டர்?

தலையில் அடிபட்டு இந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வந்த நாலாவது பிள்ளை இவன். 13 வயது. சனிக்கிழமை ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் பலகைச் சுவரோடு மோதி விழுந்திருக்கிறான். கோச் ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப இறக்கியிருக்கிறார். இன்னொரு இடி. திங்கட்கிழமை டொரன்டோ ஸ்காபரோவில் என் கிளினிக் அறைக்குள் வந்தபோது வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். தகப்பனின் முதல் கேள்விதான் மேலே தலைப்பாக இருக்கிறது.

கோச் முன்னாள் தொழில்முறை வீரராம். அதில் தகப்பனுக்குப் பெருமை. "மக்டவிஷ் கடைசி வரைக்கும் ஹெல்மெட்டே போடேல்லை. அவருக்கு என்ன நடந்தது? கோச்சாகவும் வந்தவர்தானே?" என்றார்.

சரி, அவரையே எடுப்போம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். 1979இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, அதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அப்படி வெறுந்தலையோடு ஆடிய கடைசி ஆள் கிரெய்க் மக்டவிஷ். அந்த லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை நாலு முறை வென்று 1997இல் ஓய்வுபெற்றார். பிறகு எட்மன்டன் ஒயிலர்ஸ் அணியின் தலைமைக் கோச்சாக, 2006இல் அதை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார்.

பில் மாஸ்டர்டன் என்று இன்னொரு என்.எச்.எல். வீரர் இருந்தார். 1968 ஜனவரி 13 அன்று மின்னசோட்டா அணிக்காக வெறுந்தலையோடு ஆடும்போது விழுந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். தப்பிப் பிழைத்தவர்தானே கோச்சாக வந்து நிற்க முடியும்?

ஆகவே ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். மண்டை உடையாமல் அது காக்கும். மூளை அதிராமல் காக்காது. முற்றின தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் ஆடும். அதன்மேல் சாக்கைச் சுற்றுங்கள், போர்வையைச் சுற்றுங்கள், குலுக்கினால் தண்ணீர் ஆடத்தான் செய்யும். 100 டொலர் ஹெல்மெட்டும் 400 டொலர் ஹெல்மெட்டும் இந்த விஷயத்தில் சாக்குத்தான். என்.எச்.எல். நட்சத்திரம் சிட்னி குரோஸ்பி போட்டிருந்தது மட்டமான ஹெல்மெட்டா? 2011 ஜனவரி 1ஆம் திகதி ஒரு மோதல், 5ஆம் திகதி இன்னொன்று. அவர் திரும்ப ஆட நவம்பர் ஆனது. எட்டு ஆட்டத்தில் மறுபடி வெளியே.

"மயங்கவே இல்லையே" என்பார்கள். பெரும்பாலானோர் மயங்குவதில்லை. "ஸ்கான் நோர்மல்" என்று தாளை நீட்டுவார்கள். இரத்தக் கசிவு இல்லை என்பதற்குத்தான் அந்தத் தாள். கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, அதில் தெரியாது.

தலையில் அடி, பிள்ளை தடுமாறுகிறான், ஒரு மாதிரி இருக்கிறான் என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கோச் எத்தனை கிண்ணம் வென்றவராக இருந்தாலும் சரி. ரக்பி ஆடி இறந்த 17 வயது ரோவன் ஸ்டிரிங்கரின் பெயரில் ஒன்ராறியோவில் 2018இல் வந்த சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பெற்றோராக ஆண்டுதோறும் நீங்கள் படித்ததாக உறுதிப்படுத்துகிறீர்களே, அந்தக் கன்கஷன் கையேட்டை ஒருமுறை உண்மையாகவே படியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்துவலி, கைகால் மரத்துப்போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். என் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இருட்டறையில் ஒரு வாரம் அடைத்துவைப்பதும் வேண்டாம், அது பழைய கதை. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடக்கலாம். திரை நேரத்தைக் குறையுங்கள். முழுதாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் மோதல் உள்ள ஆட்டம். அதுவும் வைத்தியர் எழுதித் தந்த பிறகு. தயவுசெய்து பிள்ளையிடம் "ஓகேதானே?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஆட ஆசை, ஓம் என்றுதான் சொல்லுவான்.

இவனுக்கு இப்போது ஐந்தாவது வாரம். அடுத்த செவ்வாய் தனியாகச் சறுக்க விட்டிருக்கிறேன். பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்று கோச்சுக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.