குறைமாதக் குழந்தையின் மூளையில் இரத்தக்கசிவு: பரம்பரையா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தங்கைக்கு 28 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் மூளைக்குள் இரத்தக்கசிவு தெரிந்ததாம். "கிரகணத்தன்று வெளியே போனாள்" என்கிறார் மாமியார். "அவங்க பரம்பரைக் கோளாறு" என்கிறது தோட்டத்து லயம்.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவள்மீதே பழி போடுவது கொடுமை.

மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றின் ஓரத்தில் புதிய மூளைச் செல்கள் பிறக்கும் திசுவில் இரத்தக்குழாய்கள் ஏராளம். சுவர்களோ மிக மெல்லியவை. ஏறக்குறைய 34 வாரத்துக்குள் அந்தத் திசு சுருங்கிவிடும். அதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்கினால் கசியலாம், பெரும்பாலும் முதல் 3 நாள்களில். ஆகவே முதல் காரணம் முதிர்ச்சியின்மைதான்.

அப்படியானால் மரபணு? சிலருக்கு உண்டு. அதில் என்னை மிகவும் வியக்கவைப்பது சிஓஎல்4ஏ1 என்ற மரபணு. இரத்தக்குழாயைத் தாங்கும் கொலாஜன் புரதத்தின் ஓர் இழையை உருவாக்குவது இதுதான். மூன்று இழைகள் சடைபோல் பின்னிக்கொள்ளும். பின்னலின் உட்புறம் அவ்வளவு நெருக்கம். புரதத்தைக் கட்டும் கற்களான அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசினுக்கு மட்டுமே அங்கே இடம். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அதில் ஒன்று மாறி, பெரிய அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால் பின்னல் கோணிப்போகும், சுவர் பலவீனமாகும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று இழைகளில் இரண்டு இதே மரபணுவிலிருந்து வருபவை. தாய், தந்தை வழி வந்த இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலும், இரண்டு இழைகளும் நல்லவையாக அமைய வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பாதிப் பழுது முக்கால் பங்கைக் கெடுக்கிறது!

மரபணு ஆய்வாளர் டக்ளஸ் கூல்ட் குழுவினர் இதே மரபணுவில் பழுதுள்ள எலிக்குட்டிகளை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இயல்பாகப் பிறந்தவற்றுக்கு மூளையில் கடும் கசிவு. அறுவை சிகிச்சையில் எடுத்தவை அதிலிருந்து தப்பின. மரபணுப் பலவீனமும் பிரசவ அழுத்தமும் சேர்ந்துதான் ஆபத்து.

ஆனால் இது அரிது. இரத்தம் உறைதலோடு தொடர்புள்ள ஃபேக்டர் ஃபைவ் லைடன் மாற்றத்தையும் ஆராய்ந்தார்கள், முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படும் மாற்றம். நம் குழந்தைகளின் மரபணுக்களை ஆராய இங்கே மலேசியாவிலேயே பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுவயதிலேயே பக்கவாதமோ மூளை இரத்தக்கசிவோ வந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசனை கேளுங்கள். மறுபடியும் குறைமாதப் பிரசவம் நெருங்கினால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி நுரையீரலுக்கு மட்டுமல்ல, மூளைக் கசிவைக் குறைக்கவும் உதவும். வலி தொடங்கியதும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.