ஆய்வில் குழந்தையைச் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டால்: சிறுநீரக, ரத்த நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு

காலையில் பிள்ளை எழுந்ததும் முதலில் கண் இமையைப் பார்ப்பது சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் வீட்டில் பழக்கம். இமை உப்பியிருந்தால் வயிறு கலங்கும். சிறுநீரில் பட்டையை முக்கி, நிறம் பார்த்து, நோட்டில் புரத அளவை ‘மூன்று பிளஸ்’ என்று எழுதிவைத்துவிட்டு, திரும்ப ஸ்டீராய்டு தொடங்க வேண்டுமா என்று டாக்டரிடம் ஓட வேண்டும். பிறவியிலேயே ரத்தம் சரியாக உருவாகாத தலசீமியா நோய் உள்ள வீட்டில் கதை வேறு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மாத்திரை. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்க்க கிரியேட்டினின் சோதனை.

இப்படி அலைகிற நாட்களில் ஒருநாள், டாக்டர் பார்த்து முடித்த பிறகு ஒருவர் வந்து பத்துப் பக்கக் காகிதத்தை நீட்டுவார். “ஒரு ஸ்டடி பண்றோம், உங்க பையனைச் சேர்த்துக்கலாமா?” நம்மில் பலர் அதை அட்மிஷன் படிவம் போல நினைத்து, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுவிடுவோம். அது அட்மிஷன் படிவம் இல்லை. போடாவிட்டாலும் உங்கள் பிள்ளைக்கு நடக்கும் வைத்தியம் நிற்கக் கூடாது. இது மருத்துவமனை காட்டும் பெருந்தன்மை இல்லை, விதி.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பெரியவர்களுக்கான மருந்தைப் பாதியாக உடைத்தால் குழந்தைக்கான மருந்து ஆகிவிடாது. வளர்கிற எலும்பு, வளர்கிற சிறுநீரகம் எல்லாம் வேறு கணக்கு. நெஃப்ரோடிக் முதல் தடவை வரும்போது ஸ்டீராய்டை மூன்று மாதத்தோடு நிறுத்துவதா, ஆறு மாதம் நீட்டுவதா என்று டாக்டர்கள் நெடுநாள் பிரிந்து நின்றார்கள். நீட்டுவதால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்தது, இந்தியாவிலும் நெதர்லாந்திலும் பல பெற்றோர் தங்கள் குழந்தைகளை ஆய்வில் சேர்க்கச் சம்மதித்ததால்தான்.

சரி, விதிகளுக்கு வருவோம். புதிய மருந்து சம்பந்தப்பட்ட ஆய்வுகளுக்கு 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் பொருந்தும். மற்ற மருத்துவ ஆய்வுகளுக்கு, ஐசிஎம்ஆர் என்று நாம் சொல்லும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் உண்டு. குழந்தைகளுக்கென்றே தனியாக ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டார்கள். எந்த ஆய்வானாலும் முதலில், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். மருந்து ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள் கட்டாயம். அந்தச் சாதாரண ஆள் நம் சார்பில் உட்கார்ந்திருப்பவர் என்றே வைத்துக்கொள்ளலாம். மருந்து ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது.

இப்போது அந்தப் பத்துப் பக்கம். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நீட்டினால் தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்கியதிலிருந்து கையெழுத்து வரை கூடவே இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரைக் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சி ஆகாது. இதுவரை எங்கும் பயன்பாட்டுக்கு வராத புத்தம்புது மருந்து மூலக்கூறு என்றால், நீங்கள் சம்மதம் சொல்வதை வீடியோ எடுப்பார்கள். கேமராவைப் பார்த்து மிரள வேண்டாம். உங்களிடம் ஒழுங்காக விளக்கினார்களா என்பதற்கு அதுவே பதிவு.

குழந்தைக்கு நேரடிப் பலன் இருக்கிறது, அல்லது ஆபத்து மிகக் குறைவு என்றால் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் கையெழுத்துப் போதும். ஆபத்து அதற்கு மேல், குழந்தைக்கு நேரடிப் பலனும் எதுவும் இல்லை என்றால் இருவரும் போட வேண்டியிருக்கலாம் என்கிறது ஐசிஎம்ஆர்.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். பிள்ளையிடமும் கேட்க வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாகக் கேட்டு, கேட்டதைக் குறித்துவைக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு வரை அவர்களே கையெழுத்திடத் தனிப் படிவம், அதுவும் அவர்களுக்குப் புரியும் மொழியில். இதற்கு இசைவு என்று பெயர். ஒன்பது வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டால் கன்னம் உப்பி, பள்ளியில் ‘குண்டு’ என்று பெயர் வாங்கியவன். அவனுக்கு ஆய்வின் நோக்கம் எல்லாம் பெரிய விஷயம் இல்லை. “இன்னொரு ஊசி போடுவாங்களா? எத்தனை தடவை?” இதுதான் அவன் கேள்வி. அதற்கு நேரான பதில் கிடைத்த பிறகு அவன் சொல்லும் ‘சரி’ தான் இசைவு. அம்மா முறைத்ததால் தலையாட்டியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பிள்ளை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்தான நோய்க்கான சிகிச்சை ஆய்வு, அதில் இல்லாமல் போனால் குழந்தைக்கே கேடு என்று ஆய்வாளரும் பெற்றோரும் கருதினால், பெற்றோர் சம்மதத்தோடு தொடரலாம். ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் போல ரத்த அணுக்களும் சிறுநீரகமும் ஒன்றாக அடிபடும் நோய்களில் இந்தச் சங்கடம் வரலாம். விதி இடம் கொடுக்கிறது என்பதற்காகப் பிள்ளையிடம் பேசாமலே விட்டுவிடுவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது, எந்த மருந்து என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. பல ஆய்வுகளில் குலுக்கல் முறை. டாக்டர்கூட முடிவு செய்வதில்லை. மருந்தே இல்லாத டம்மி மாத்திரையும் வரலாம். அடுத்தது, வழக்கமான சோதனைக்கு மேல் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள் என்பது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள குழந்தைக்கு இது சின்னக் கேள்வி இல்லை. மிச்சமாகும் ரத்தத்தைச் சேமித்துப் பிற்காலத்தில் மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா? அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். இதற்குச் சரி, அதற்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். வந்துபோகும் செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையைச் சேர்த்ததற்குக் கூலி என்று பெற்றோருக்குப் பணம் தரக் கூடாது; யாராவது தருகிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

மருந்து ஆய்வில் பாதிப்பு வந்தால், தேவைப்படும் வரை சிகிச்சை இலவசம். அந்தப் பாதிப்புக்கு ஆய்வு காரணம் இல்லை என்று நிரூபணமானால் மட்டுமே அது நிற்கும். கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மேலே தெரிவிக்க வேண்டும். ஆய்வால்தான் உயிரிழப்பு என்று முடிவானால் இழப்பீட்டுக்குச் சூத்திரமே இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய், அதோடு வயதுக்கும் நோயின் ஆபத்துக்கும் ஏற்ற பெருக்கல். 16 வயது வரை உள்ள குழந்தைக்கு வயதுக் காரணி மிக அதிகம். ஆபத்தே இல்லாத ஆரோக்கியமான பிள்ளை என்றால் சுமார் 73.6 லட்சம் வரை போகும். நோய் முற்றிய பிள்ளை என்றால் தொகை வெகுவாக இறங்கும். நோயாளிப் பிள்ளையின் உயிருக்கு மதிப்புக் குறைவா என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனாலும் சூத்திரம் அப்படித்தான் இருக்கிறது. இழப்பீடு தரச் சொல்லும் அரசு உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனம் பணத்தைக் கட்ட வேண்டும்.

நடுவில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே. ஆனால் புது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்துவது ஆபத்தாக முடியலாம் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு முடிந்தது. அவரிடம் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்றும் விளக்கத் தாளும் உங்கள் கைக்கு வர வேண்டும். அதை அந்த ‘பிளஸ்’ நோட்டோடு அதே ஃபைலில் வையுங்கள். ஆய்வாளரை எப்படித் தொடர்புகொள்வது என்பதும், எத்திக்ஸ் கமிட்டியை எப்படித் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்கும். இரண்டாவது எண்ணைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. புகார் இருந்தால் கூப்பிட வேண்டியது அதைத்தான்.