சளி பிடித்தால் காது ஏன் வடிகிறது?

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மழைக்காலம் வந்தாலே என் நாலு வயது மகனுக்குக் காதில் சீழ் வடிகிறது. குளிக்கும்போது தண்ணீர் போவதாலா?”

நம் நாட்டில் இது பரவலான தொல்லை. நாள்பட்ட காதுச்சீழ் நூற்றுக்கு 4 பேருக்கு மேல் காணப்படும் நாடுகளின் வரிசையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியாவை வைத்தது.

சரி, தண்ணீருக்கு வருவோம். செவிப்பறை முழுதாக இருக்கும்வரை குளிக்கிற தண்ணீர் அதைத் தாண்டி நடுச்செவிக்குள் போக முடியாது. கிருமி வருவது மூக்கின் பின்புறத்திலிருந்து, யூஸ்டேசியன் குழாய் வழியாக.

உடம்பில் எனக்கு மிகவும் பிடித்த குழாய் இது. பெரும்பாலும் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை ஒன்று அதை இழுத்து ஒரு கணம் திறக்கும். ஊருக்குப் போகும் ரயில் கர்ஜத் தாண்டி மலையேறும்போது அடைத்துக்கொண்ட காது, எச்சில் விழுங்கியதும் ‘டப்’பென்று திறக்கிறதே, அந்தத் தசையின் வேலைதான். நடுச்செவியின் சவ்வு உள்ளிருக்கும் காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை நாம் விழுங்கி விழுங்கி நிரப்புகிறோம். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தத் தசைக்குச் சரியான பிடிமானம் இல்லை. அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் காதில் நீர் கோத்துக்கொள்கிறது!

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் 36 மில்லிமீட்டர் நீளம், 45 டிகிரி சாய்வு. கைக்குழந்தைக்கு நீளம் பாதி, சாய்வு வெறும் 10 டிகிரி. அதனால்தான் மூக்கின் பின்புறத்துக் கிருமி சின்னப் பிள்ளைகளின் காதுக்குள் சுலபமாகப் போய்விடுகிறது. சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைபடும், உள்ளே காற்று குறையும், நீர் கசியும், கிருமி பெருகிச் சீழாகும். அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்தால் சீழ் வெளியே வரும், துடித்த குழந்தை தூங்கிவிடும். ஓட்டை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். திரும்பத் திரும்பக் கிழிந்தால் மூடாமல் நின்றுவிடும். அப்புறம்தான் குளிக்கிற தண்ணீரும் உள்ளே புகுந்து கெடுக்கிறது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் அதே ஓட்டை வழியாகத்தான் இறங்கும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று விட்டுவைத்த பிள்ளைக்குக் காது மந்தமாகி, வகுப்பில் ‘படிப்பு ஏறாதவன்’ என்று பெயர் வாங்குவது கொடுமை. ஒவ்வொரு பால்வாடிக்கும் காதுக்குள் பார்க்க ஒரு ஓட்டோஸ்கோப்பும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அரசு இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்கவே கூடாது.

மகனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். சீழைத் துடைத்து, காதை உலர்த்தி, சொட்டு மருந்து விடுவதுதான் முதல் சிகிச்சை. அதுவரை குளிப்பாட்டும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள்.