இன்ஜெக்டர் கணக்கில் ஒளிந்திருக்கும் வர்க்கமூலம்

இன்ஜினுக்கு எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பெட்டியில் ‘500 சிசி’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். நிமிடத்துக்கு 500 கன சென்டிமீட்டர் என்று பொருள். எந்தத் திரவத்தை, எந்த அழுத்தத்தில் வைத்து அளந்தார்கள் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். சில சமயம் இருக்கவே இருக்காது. ட்யூனிங் செய்பவருக்கு அந்த 500-ஐவிட இந்த இரண்டு விவரங்களும்தான் முக்கியம்.

எரிதலுக்கு நிறைதான் கணக்கு, கன அளவு அல்ல. 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே சிசியைக் கிராமாக மாற்ற வேண்டும். நம் பெட்ரோலின் அடர்த்தியால் பெருக்கினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் சறுக்கல்.

இன்ஜெக்டர் அளந்து ஊற்றும் படி அல்ல. திறந்து மூடும் ஒரு துளை. இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு திரவத்தைத் தள்ளுகிறது. கனமான திரவம் அதே தள்ளலுக்கு மெதுவாகத்தான் நகரும். பெர்னூலி விதிப்படி அதன் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதாவது அடர்த்தி கூடினால் வெளியேறும் சிசி குறைகிறது, ஒவ்வொரு சிசியும் கனக்கிறது. இரண்டும் சேர்ந்து, கிராம் கணக்கிலான ஓட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி உயர்கிறது.

எண்களில் பார்ப்போம். இன்ஜெக்டரைச் சோதிக்கப் பெட்ரோலுக்குப் பதிலாக ஹெப்டேன் பயன்படுத்துவது வழக்கம். அதன் அடர்த்தி சிசிக்குச் சுமார் 0.684 கிராம். அதில், 3 பார் அழுத்தத்தில் 500 சிசி என்றால் நிமிடத்துக்கு 342 கிராம். நம் பெட்ரோல் 0.745 என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பெருக்கினால் 372 கிராம் வரும். உண்மையில் பாய்வது 479 சிசிதான்; அது 357 கிராம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவிடம் 372 என்று சொன்னால், இன்ஜெக்டரைப் பெரியது என்று நம்பி அது திறப்பு நேரத்தைச் சுருக்கிவிடும். கலவை 4 சதவீதத்துக்கு மேல் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. முழுச் சுமையில் இது சின்னப் பிழை அல்ல.

வெப்பமும் இதே வழியில் விளையாடுகிறது. பெட்ரோல் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். கிராம் ஓட்டம் 2 சதவீதம்தான் குறையும்.

எத்தனால் வேறு கதை. அதன் அடர்த்தி 0.789, அதனால் கிடைக்கும் கூடுதல் ஓட்டம் 3 சதவீதம். ஆனால் அதற்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், அதே காற்றுக்கு 63 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். இன்ஜெக்டர் ஏறக்குறைய 59 சதவீதம் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். (எத்தனாலின் கூடுதல் பாகுத்தன்மையை இதில் சேர்க்கவில்லை.)

எனக்கு வருத்தம் தருவது இன்னொரு பழக்கம். லாம்டா மீட்டர் 1.04 (சரியான கலவைக்கு 1; அதற்கு மேல் லீன்) காட்டியதும், உள்ளே வரும் காற்றை இசியு கணிக்கப் பயன்படுத்தும் காற்று அட்டவணையை 4 சதவீதம் உயர்த்திவிடுகிறார்கள். மீட்டர் சரியாகிவிடும். ஆனால் உள்ளே வராத காற்று வந்ததாக இசியு நம்பும்; அந்தக் காற்றளவையே இன்ஜினின் சுமையாக வைத்துத் தீப்பொறி நேரத்தையும் முடிவு செய்யும். எரிபொருள் பிழை இக்னிஷன் பிழையாகவும் மாறிவிடுகிறது. சோதனைத் திரவம் எது என்று தெரிந்து, இன்ஜெக்டர் எண்ணைத் திருத்தும்வரை நான் காற்று அட்டவணையைத் தொடுவதில்லை.