மாதிரி எண்ணிக்கை எப்படிப் பலிக்கிறது?

சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு வாக்களிப்பு முடியும். வாக்குகள் முழுதாக எண்ணப்படுவதற்கு வெகு முன்பே மாதிரி எண்ணிக்கை தொலைக்காட்சியில் வந்துவிடும். காப்பிக்கடையில் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியான முடிவுதான். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னத்துக்கு 70, இங் கொக் சொங்குக்கு 16, டான் கின் லியானுக்கு 14 விழுக்காடு என்றது மாதிரி எண்ணிக்கை. இறுதியில் வந்தது 70.4, 15.7, 13.9.

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகளை, இது அது என்று பார்க்காமல் எடுத்து எண்ணுகிறார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் அருகிலிருந்து கவனிக்கலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். தேர்தலுக்கு அது அப்படியே பொருந்தாது. பானையில் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி அப்படியா? தரைவீடுகள் உள்ள பகுதி ஒரு பக்கம் சாயலாம், வாடகை வீட்டு புளோக்குகள் மறுபக்கம் சாயலாம். அதனால்தான் ஒரே இடத்தில் ஆயிரம் எடுக்காமல், எல்லா நிலையங்களிலும் நூறு நூறாக எடுக்கிறார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல். ஒரு நிலையத்தில் 3,000 பேரும் இன்னொன்றில் 1,500 பேரும் வாக்களித்திருந்தால், இரண்டு நூறையும் அப்படியே கூட்டுவது நியாயமில்லை. ஆகவே அங்கங்கே விழுந்த வாக்குகளுக்கு ஏற்ப ஒவ்வொரு நூறுக்கும் எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள்.

பலருக்கு நம்பக் கடினமான விஷயம் ஒன்று உண்டு. துல்லியம் தொகுதியில் மொத்தம் எத்தனை வாக்கு என்பதை அவ்வளவாகப் பொறுத்ததல்ல. எத்தனை சீட்டு எடுத்தோம் என்பதையே பொறுத்தது. பத்து நிலையங்கள் உள்ள தனித்தொகுதி, அதாவது ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி, என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சீட்டுகளில் பிழை ஏறக்குறைய 3 விழுக்காட்டுப் புள்ளிகள். அதைப் பாதியாக்க இரண்டாயிரம் போதாது, நான்காயிரம் வேண்டும். பிழை வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும். தேர்தல் துறை கொஞ்சம் தாராளமாகவே 4 புள்ளிகள் கூடலாம் குறையலாம் என்கிறது, 95 விழுக்காடு நம்பகத்தோடு. அதாவது இதே முறையில் நூறு தடவை எடுத்துப் பார்த்தால், சுமார் 95 தடவை உண்மை அந்த எல்லைக்குள் இருக்கும். அதிபர் தேர்தலில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் அதிகமான நிலையங்கள், நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். அங்கே பிழை இன்னும் சிறியது.

2015 பொதுத்தேர்தலில்தான் இதை முதன்முதலாக மக்களுக்கு அறிவித்தார்கள். எண்ணி முடியும்வரை கைபேசியில் சுற்றும் வதந்திகளை அடக்க அது நல்ல வழி. இறுதி எண்ணிக்கையைச் சரிபார்க்க அதிகாரிகளுக்கும் உதவுகிறது.

ஆனால் தொகுதியில் 52–48 என்று வந்தால் முந்துபவர் வென்றார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 48–52 ஆகவும் முடியலாம். 2011 அதிபர் தேர்தலில் டோனி டானுக்கும் டான் செங் போக்குக்கும் இடைவெளி 0.35 புள்ளி, 7,382 வாக்குகள். அந்த அளவு நெருக்கத்தில் மாதிரியை வைத்து யார் அதிபர் என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்று எல்லாச் சீட்டுகளையும் மறுபடி எண்ணித்தான் முடிவு சொன்னார்கள்.