கார்பஸ் ஃபண்ட்: சாவா மூவா நிதி

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் ‘கார்பஸ்’ என்றொரு வரி வரும். லத்தீனில் இதற்கு உடல் என்று பொருள். கார்ப்பரேஷனும் இதே வேரில் முளைத்ததுதான். பண விவகாரத்தில், முதல் தொகையைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் எடுத்துச் செலவிடும் நிதிக்கு இந்தப் பெயர். கொடுப்பவர் ‘இது கார்பஸுக்கு’ என்று குறிப்பிட்டால்தான் வருமான வரிக் கணக்கிலும் அது அப்படிச் சேரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பணியில் இதன் அருமை சட்டென்று புரியும். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தைக்குக் காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) செய்து கொடுக்கிறார்கள். குழந்தை வளர்கிறது, இரும்பு வளர்வதில்லை. மூட்டுக் கீல் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, தோல்வார் சதையை அழுத்துகிறது. மறுபடி அளவெடுக்க வேண்டும். பயிற்சியோ ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. சக்கர நாற்காலியின் முதுகில் ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்டின் மாதச் சம்பளத்தில் எங்கே எழுதுவது? நாற்காலிக்கு ஆள் கிடைப்பதும் சம்பளத்துக்குக் கிடைக்காததும் அதனால்தான்.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கிற அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். 1975இல் கடற்படைத் தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அதைத் தொடங்கினார். சில குழந்தைகளோடு ஆரம்பித்த இடம் இன்று பள்ளி, மறுவாழ்வு, தொழிற்பயிற்சி, கிராமங்களில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி என்று விரிந்திருக்கிறது. ஒரு தீபாவளி நன்கொடையில் நடக்கிற காரியமா இது?

செலவழியாத கொடை நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டி அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. கல்வெட்டு இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. கார்பஸுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எந்தக் கணக்கியல் நூலிலும் கிடைக்காது. திருச்செந்தூருக்கு வரகுண பாண்டியன் 1,400 காசு கொடுத்ததும் இதே முறையில்தான்: காசு ஊர்ச் சபைகளிடம் இருக்கும், அதன் பொலி மட்டும் நெல்லாகக் கோயிலுக்கு வரும். பொலி என்றால் வட்டி.

தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்கள் எழுதும் ‘தொகுப்பு நிதி’ எனக்கு ஒப்பவில்லை. வெள்ள நிவாரணத்துக்குத் திரட்டிய பணம்கூடத் தொகுத்த நிதிதானே. ‘வைப்பு நிதி’ வங்கி டெபாசிட்டையும் வருங்கால வைப்பு நிதியையும் நினைவூட்டும். கோயிலுக்கு விட்ட கொடையைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல்லான ‘நிவந்தம்’ அழகானது, ஆனால் கோயில் வாசனை போகாது. அறக்கட்டளை என்றால் டிரஸ்ட் என்றே இன்று பொருள். பல்கலைக்கழகங்களின் ‘அறக்கட்டளைச் சொற்பொழிவு’ ஒன்றில்தான் முதல் அழியாத கொடை என்ற பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியதும் இவ்வகைக் கொடையே.

‘நிலைநிதி’ என்பதே என் தேர்வு. ரசீதுப் புத்தகத்தின் சிறிய கட்டத்திலும் அடங்கும். காசோலையோடு கடிதம் வைப்பவர்கள், ‘இத்தொகை நிலைநிதிக்கு (கார்பஸ்) மட்டும்’ என்று எழுதினால் தணிக்கையாளருக்கும் குழப்பம் வராது.