இரண்டு ஓடம் இருந்தால் கவிழாது என்று யார் சொன்னது?

இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய பாய்மரப் படகு இன்னொன்று என் பட்டறையில் வந்து இறங்கியிருக்கிறது. பாய்மரம் நடுவில் மடங்கி, முன்மூக்கு பிளந்து, ஓடத்துக்குள் சேறு. மலேசியாவின் சிலியாவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், பைபர்கிளாஸ் பட்டறை வைத்திருப்பவனிடம் இத்தனை பந்தயப் படகுகள் ஏன் வருகின்றன என்று கேட்கலாம். பக்கத்தில் போர்ட்டிக்சன் கடற்கரை. பையன்கள் நாலைந்து பேர் காசு சேர்த்துப் ஹோபி 16 என்ற இந்த இரட்டை ஓட ரகத்தில் பழையது ஒன்றை வாங்குகிறார்கள். மணலிலிருந்தே தள்ளி ஏறலாம், படகுத்துறை வேண்டாம். அதுவரைக்கும் சரி.

எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: “இரண்டு ஓடம் இருக்கிறதே அண்ணே, கவிழாது என்று நினைத்தோம்.”

தம்பிகளே, கொஞ்சம் கணக்குப் பாருங்கள். நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ. கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதன் மேல் ஏறத்தாழ 20 சதுர மீட்டர் பாய். அடியில் ஈயமும் இல்லை, இரும்பும் இல்லை. அடியில் கனம் கட்டிய ஒற்றை உடல் படகு சாயச் சாய அந்தக் கனம் அதை நிமிர்த்தப் பார்க்கும். உங்கள் படகு நேர் எதிர். காற்றுப் பக்கத்து ஓடம் தண்ணீரைவிட்டு எழும்பும் அந்த நொடியில்தான் அதன் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எழ எழ எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். ஓடம் பறக்கிறது என்று கைபேசியில் படம் எடுக்கிறீர்களே, அதற்குப் பிறகு உங்களைக் காப்பாற்றப் படகிடம் எதுவும் மிச்சமில்லை. முழுவதும் தலைகீழானாலோ, அந்த அகலமே அதைத் தலைகீழாக உறுதியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கவாட்டில் மட்டும் கவிழும் என்றும் எண்ண வேண்டாம். இந்த ரகத்தின் முன்மூக்கு ஒல்லி. வேகத்தில் காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கத்து ஓடத்தின் மூக்கு அலைக்குள் புதைந்தால் படகு நின்றுவிடும், பாய் நிற்காது. குட்டிக்கரணம்தான். முன்னால் உட்கார்ந்து ஒய்யாரம் காட்டாமல், காற்று ஏறியதும் இருவரும் பின்னால் நகருங்கள். பாய்க் கயிற்றைக் கையில் வைத்திருங்கள், முடிச்சுப் போடாதீர்கள்.

போர்ட்டிக்சன் கரையோரம் ஆழம் குறைவு, பாய்மரமோ 8 மீட்டர். தலைகீழானால் நுனி சேற்றில் குத்தும், அடுத்த அலையில் ஒடியும். குழாய் போன்ற அந்த அலுமினிய மரத்துக்குள் காற்று அடைபட்டிருந்தால் படகு பக்கவாட்டிலேயே மிதந்து உங்களுக்கு நேரம் கொடுக்கும். ஆணி அடித்த ஓட்டையில் தண்ணீர் புகுந்த பழைய மரம் அந்த நேரத்தைக் கொடுக்காது. வாங்கும்போது மரத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஓடத்தின் மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் உள்ளே நுரைப்பலகையிலிருந்து பைபர்கிளாஸ் நார் பிரிந்துவிட்டது. விலை பேச அதுவே போதும்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். நீச்சல் தெரியும் என்று கரையை நோக்கிப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது. முதலில் இரண்டு பாய்க் கயிறுகளையும் தளர்த்துங்கள். மூக்கைக் காற்றின் பக்கம் திருப்புங்கள். நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்து, கீழ் ஓடத்தில் நின்று, பின்னால் சாய்ந்து தொங்குங்கள். ஒல்லியான ஒருவரால் முடியாது, ஏறத்தாழ 130 கிலோ கனம் வேண்டும். இதை நல்ல வெயிலில், கரைக்குப் பக்கத்தில், முன்கூட்டியே பழகுங்கள். உயிர்காப்பு மேலாடை பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்காற்று பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் அடிக்கும். மேற்கே கறுத்த வரிசை தெரிந்தால் படகை இறக்காதீர்கள். இறக்கியிருந்தால் திரும்புங்கள்.

கடலைவிட எனக்குப் பயம் தரையில்தான். அலுமினிய மரத்தை வீட்டு வாசலில், மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பார்க்கிறீர்கள். பிற்காலத்தில் மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத பொருளில் செய்ததே இந்த விபத்துகளால்தான். உங்களுடையது பழையது, முழுக்க அலுமினியம். அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூக்குங்கள். இழுவை வண்டியில் ஏற்றும் முன் மரத்தைப் படுக்க வையுங்கள்.

தயவுசெய்து, விரிசலில் சிலிக்கோன் பூசிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். அதன் மேல் பிசின் ஒட்டாது. சுரண்டி எடுக்கத் தனிக்கூலி வாங்குவேன்.